முழங்கை வளைவுக்கு வாக்கி-டாக்கி வந்த கதை

கபாலே ஊருக்குப் போகிற மலைச்சாலையை மூன்று வருஷமாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அகலமாகி முடிகிறவரை சாலை குறுகலாக இருக்கும் என்று சாலை அலுவலகம் முறைப்படி பலகை வைத்திருந்தது. அதனால் முழங்கை வளைவில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம். மேல்முனையில் நின்சீமா, கீழ்முனையில் அரிண்டா. இரண்டு பேர் கையிலும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையும் அடித்த பலகை. நடுவில் மலை. அவள் இருமினால் அவனுக்குக் கேட்காது.

வேலை ஒரு மரக்கிளையால் நடந்தது. நின்சீமா தன் பக்கத்து வண்டிகளை விடுவாள். கடைசி வண்டிக்காரர் கையில் ஒரு கல்யாண முருங்கைக் கிளையைக் கொடுத்து, "கீழ அரிண்டா அண்ணன்கிட்ட குடுத்துடுங்க" என்பாள். கிளை வந்து சேர்ந்தால் பாதை காலி என்று அர்த்தம். அரிண்டா தன் பக்கத்தைத் திறந்து, அதே கிளையைத் தன் கடைசி வண்டியில் திருப்பி அனுப்புவான். கிளைக்கு சார்ஜ் போட வேண்டாம்.

ஒரே ஒரு குறை. கிளையை ஆடு தின்னும்.

ஒருநாள் கிளை கொண்டுபோன உருளைக்கிழங்கு லாரிக்காரர் வழியில் சோளக்கூழ் குடிக்க இறங்கினார். பக்கக் கண்ணாடியில் செருகியிருந்த கிளையை மேட்டில் நின்ற ஒரு ஆடு காம்பு வரைக்கும் தின்றுவிட்டது. மனுஷன் நேர்மையானவர். வெறுங்கையோடு போனால் அரிண்டா நம்பமாட்டான் என்று, அதே சாதி மரத்தைத் தேடி ஒரு மணி நேரம் காட்டுக்குள் அலைந்தார். கீழ்முனையில் காத்திருந்த வண்டிகள் பொறுமை இழந்து அரிண்டாவைத் தள்ளிவிட்டு ஏறின. வளைவில் ஆளில்லாமல் நின்ற லாரியில் முட்டிக்கொண்டன. லாரி சாக்கடையில் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. கிழங்குதான் பள்ளத்தாக்கு முழுக்க உருண்டது. லாரிக்காரர் கையில் புதுக்கிளை பசேல் என்று இருந்தது.

அலுவலகம் விசாரித்து, ஆட்டுக்குக் கடிதம் அனுப்ப விதி இல்லாததால், நின்சீமாவுக்கு அனுப்பியது. அவளுக்கு அது இரண்டாவது எச்சரிக்கை. முதலாவது, எட்டு மாசக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்ததற்கு. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புருஷன் சுரங்க வேலைக்குப் போய் ஆறு மாசமாகச் சேதி இல்லை. அந்தப் பலகையை விட்டால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

ஒரு தாளில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தாள். 'ஐயா, எங்களுக்கு இரண்டு வாக்கி-டாக்கி வேண்டும். ஆடு தின்னாது.'

அலுவலகம் இதை மிகுந்த அக்கறையோடு பரிசீலித்தது. சாலைப் பணியாளர்களுக்கான கையடக்க ஒலித்தொடர்புக் கருவித் தெரிவுக் குழு என்று பதினோரு பேரைக் கொண்ட ஒன்று அமைந்தது. தலைவர் கருஹங்கா ஐயா. கூட்டம் ஏரிக்கரை ஹோட்டலில் நடந்தது. பயன்படுத்துவோர் சார்பில் நின்சீமாவையும் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தை முதுகில் தூங்கியது. அதுவரை அவள் பார்த்திராத பெரிய மேஜை. மேலே மூன்று ரகக் கருவிகள், நடுவில் சமோசா.

சோதனை ஆரம்பமானது. கருஹங்கா ஐயா ஒன்றை எடுத்து மேஜையின் இந்த முனையிலிருந்து பேசினார்.

"கேட்குதா?"

மறுமுனையில் இருந்த பொறியாளர் பரியோ கருவியைக் காதில் வைத்துக்கொண்டு, "ரொம்பத் தெளிவா கேட்குது ஐயா" என்றார்.

"கருவியில கேட்குதா, நேர்ல கேட்குதா?"

"ரெண்டுலயும் ஐயா."

"அப்ப இரட்டிப்புத் தெளிவுன்னு எழுதிக்கோங்க."

அடுத்து இடுப்புச் சோதனை. முதல் கருவி கனமாக இருந்து கருஹங்கா ஐயாவின் கால்சட்டையைக் கீழே இழுத்தது. தள்ளுபடி. இரண்டாவதின் மஞ்சள் நிறம் எந்தச் சட்டைக்கும் பொருந்தவில்லை. மூன்றாவது சின்னது, கறுப்பு. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"ஜெனரல் மாதிரி இருக்கீங்க ஐயா" என்றார் பரியோ.

நின்சீமா மூன்றாவது கடிதத்தை நினைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா. நடுவுல மலை இருக்கு. மலைக்கு அந்தாண்ட கேக்குமா?"

கருஹங்கா ஐயா படிவத்தைப் புரட்டினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

"எடை இருக்கு, நிறம் இருக்கு, தோற்றம் இருக்கு. மலைக்கு இதுல கட்டம் இல்லையேம்மா."

"மழைக்கு?"

"அதுக்கும் இல்ல. சமோசா எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டாள். 'பயன்படுத்துவோர் திருப்தி தெரிவித்தார்' என்று குறிப்பில் ஏறியது.

பதின்மூன்று கருவிகள் வந்தன. மேற்பார்வைக்காகக் குழுவுக்குப் பதினொன்று, சாலைக்கு இரண்டு. ஒரே மாசத்தில் கபாலேயில் இடுப்பில் கறுப்புக் கருவி இல்லாதவன் மனுஷனே இல்லை என்றாகிவிட்டது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஒன்று மாட்டினார். கோழி வியாபாரி ஒன்று மாட்டினார். கல்யாணத்தில் பெண்ணின் மாமன் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு, சோறு பரிமாறும் இடத்தைப் பார்த்து, "வாழைக்காய் மசியல் வரலாம், ஓவர்" என்றார். அதில் பேட்டரி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அது மரியாதைக் குறைவு.

முழங்கை வளைவில் நின்சீமா பொத்தானை அமுக்கினாள்.

"அரிண்டா அண்ணே, கேக்குதா?"

கருவி கடலை வறுப்பதுபோல் சத்தம் போட்டது. கீழே அரிண்டாவும் அதே வறுவலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் பேசாமல் பழையபடி கிளையை அனுப்பினார்கள்.

புகார் போனதும் பொறியாளர் பரியோ நேரில் வந்து ஆராய்ந்தார்.

"கருவியில ஒரு குறையும் இல்ல. மலைதான் குறுக்க நிக்குது."

"மலை முன்னாடியே இருந்துச்சே ஐயா" என்றான் அரிண்டா.

"இருந்திருக்கலாம். குழுவுக்கு எழுத்துமூலமாத் தெரிவிக்கலையே. ஒருத்தரை ஒருத்தர் பாக்கற இடத்துல நில்லுங்கன்னு கையேட்டுல போட்டிருக்கு. நீங்க ஏன் பாக்காம நிக்கறீங்க?"

ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடிய இடம் அந்தச் சாலையில் ஒன்றே ஒன்றுதான். வளைவின் நட்டநடு. அங்கே பன்னிரண்டு அடி இடைவெளியில் இருவரும் நிற்க வேண்டும் என்று எழுத்தில் ஆணை வந்தது. கிளை தடை செய்யப்பட்டது. மீறினால் மூன்றாவது கடிதம்.

நின்றார்கள். கருவி அற்புதமாக வேலை செய்தது.

"தங்கச்சி, கேக்குதா?"

"நேர்லயே கேக்குது அண்ணே. உங்க பல்லுல கீரை ஒட்டியிருக்கு."

இரண்டு முனையிலும் யாரும் இல்லை. வண்டிகள் ஒலிப்பான் அடித்துக்கொண்டு, கடவுளை நம்பி ஏறின.

அப்புறம் வெற்றி விழா நாள் வந்தது. திட்டத்தின் வெற்றியை நேரில் பார்க்க மேலேயிருந்து கருஹங்கா ஐயாவின் ஜீப் இறங்கியது. அதே நேரம் கீழேயிருந்து பொறியாளர் பரியோவின் ஜீப் ஏறியது. நின்சீமாவும் அரிண்டாவும் நிற்கிற இடத்திலேயே இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

ஜீப்புகளில் இருந்த இருவரும் கண்ணாடியை இறக்கவில்லை. கருவியை எடுத்தார்கள்.

"யார் பின்னால போறது, ஓவர்."

"ஐயா, நான் இப்ப பதவி உயர்வு வாங்கிட்டேன். உங்களுக்குச் சமம். ஓவர்."

"சமம்தான். ஆனா நான் தலைவர். ஓவர்."

இரண்டு மணி நேரம் ஆனது. பின்னால் வண்டிகள் மலையடிவாரம் வரை நின்றன. கோழிகள் வெயிலில் வாயைப் பிளந்தன. பரியோவின் ஜீப்புக்குப் பின்னால் ஒரு பிரசவ வண்டியும் மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்த பெண் முனகுவது கருவி இல்லாமலே கேட்டது. நின்சீமா ஆணையை நினைத்தாள். மூன்றாவது கடிதத்தை நினைத்தாள். பிறகு சரிவில் இறங்கி ஒரு கிளையை ஒடித்து, கருஹங்கா ஐயாவின் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஐயா, இதை மேல்முனைக்குக் கொண்டுபோகணும். இன்னிக்கு விழா நாளு. சாதாரண ஆள் கையில குடுக்கறதுக்கில்ல."

கருஹங்கா ஐயா கிளையைப் பார்த்தார். எதிர் ஜீப்பைப் பார்த்தார்.

"அவர்கிட்ட குடுக்கல இல்ல?"

"எப்படி ஐயா குடுப்பேன்."

ஐயா கிளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, பின்னோக்கியே போனார். அவருக்குப் பின்னால் நின்ற வண்டிகளும் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. பிரசவ வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. பெண் குழந்தை என்று சாயங்காலம் சேதி வந்தது.

மறுவாரம் நின்சீமாவுக்குக் கடிதம் வந்தது. பிரித்தாள். மூன்றாவது எச்சரிக்கை இல்லை. தலைவர் தாமே கண்டறிந்த கிளை முறையை எல்லா மலைச்சாலைகளுக்கும் விரிவுபடுத்த, சாலைப் பணியாளர்களுக்கான மரக்கிளைத் தெரிவுக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அதில் அவள் நிரந்தர உறுப்பினர்.

அதே ஏரிக்கரை ஹோட்டல், அதே மேஜை. நின்சீமாவின் இடுப்பில் கறுப்புக் கருவி தொங்கியது. பேட்டரி தீர்ந்து நாலு நாள் ஆயிற்று. மேஜை மேல் மூன்று ரகக் கிளைகள். அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தாள், நிறம் பார்த்தாள், கையில் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தாள்.

மூலையில், பயன்படுத்துவோர் சார்பில் வந்திருந்த வேறொரு மலைக்காரப் பெண் கூச்சத்தோடு எழுந்தாள். முதுகில் அவளுக்கும் ஒரு குழந்தை.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா. ஆடு தின்னா என்ன பண்றது?"

நின்சீமா படிவத்தைப் புரட்டினாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள்.

"ஆட்டுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா" என்றாள். "சமோசா எடுத்துக்கோ."