கட்டைவிரலில் வைத்த காப்பித்தூள்

கோட்டையூர்,
செவ்வாய்க்கிழமை.

காளையார்கோவிலில் வேன் ஓட்டிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் வைத்தியமும் பார்க்கிற மாப்பிள்ளை முத்தரசுக்கு, உன் அக்காள் புருஷன் வீரபாண்டியன் எழுதுவது. என் வலது கால் கட்டைவிரலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், வைத்தியம் பார்க்கிறவனுக்கு என்ன கேடு. போனில் பேசினால் வாயில் வேறு வார்த்தை வந்துவிடும், பக்கத்திலேயே உன் அக்காள் இருக்கிறாள். அதனால்தான் கடிதம்.

போன வாரம் என் தையல் கடையின் பழைய போர்டைக் கழற்ற வந்த நீ, கழற்றிய பலகையை ஆணி மேலே பார்க்கப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாய். மிதித்தது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஊசிக் காதில் நூல் கோக்கிறவனுக்கு விரல் நீள ஆணி கண்ணில் படவில்லை. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியது. குப்புற விழுந்ததில் முழங்காலும் தேய்ந்தது. ஓடி வந்து பார்த்தாய். முழங்காலில் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. கட்டைவிரலில் மிளகு அளவு ஓட்டை, ஒரு சொட்டு ரத்தம். "விரல்ல ஒண்ணுமில்ல மச்சான், முழங்கால்தான் போச்சு" என்று வேனிலிருந்து முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்தாய். உள்ளே ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சீப்பு, ஒரு பொட்டலம் விபூதி. பிறகு முழங்காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, என் கடைத் துணியையே கிழித்துப் பரிவட்டம் மாதிரி கட்டினாய். விரல் ஓட்டையில் காப்பித்தூளைத் திணித்துப் பிளாஸ்திரி ஒட்டினாய்.

நர்சிங் படிக்கிற என் மகள் ரோகிணி போனில் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "அப்பா, ஆணி குத்துனது வெளிய சின்னதாத்தான் தெரியும், உள்ள ஆழமா இருக்கும். எதையும் வச்சு அடைக்காம நல்லாக் கழுவிட்டு, இன்னைக்கே டிடி ஊசி போட்டிருங்க." நீ போனைப் பிடுங்கி, "தாயி, நீ மொத வருசம். மாமா இருவது வருசமா வேன் ஓட்டுறேன்" என்றாய். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. ஊசி என்றால் எனக்குப் பயம்; தையல்காரன் இதை வெளியே சொல்ல முடியுமா.

வந்தவர்களும் முழங்காலைத்தான் விசாரித்தார்கள். எதிர்வீட்டுக் கண்ணம்மை ஆச்சி கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி, "பெரிய காயமால்ல இருக்கு, எப்படித் தாங்குறீக" என்று சாத்துக்குடி கொடுத்தார்கள். நானும் பெருமையாக நொண்டினேன். அதற்குள் விரல் கத்தரிக்காயாக வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. காரைக்குடி டாக்டர் பிளாஸ்திரியைப் பிரித்தார்.

"என்ன இது?"

"காப்பித்தூள் சார்."

"ஃபில்டரா, இன்ஸ்டன்டா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முழங்கால் தானாக ஆறிவிடுமாம். விரலில் வெள்ளிக்கிழமைக்குள் சீழ் வற்றாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாமாம். அந்த விரலை ஊன்றித்தான் நான் மிஷின் மிதிக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, வெட்டிய சீருடைத் துணி குவிந்து கிடக்கிறது. விரல் போனால் ரோகிணியின் படிப்பு எதில் ஓடும்? உன் வேனிலா?

ஆகவே, இனி என் வாசற்படியை மிதிக்காதே. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
வீரபாண்டியன்

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. நொண்டிக்கொண்டு போய்த் தபாலில் சேர்க்க முடியாததால் கடிதம் இங்கேயே கிடந்தது. விரல் தப்பித்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் வடை சுட்ட உன் அக்காளின் கையில் எண்ணெய் தெறித்துவிட்டது. அவள் குழாயடிக்குப் போவதற்குள் நான் பாய்ந்து போய்ப் பாதி டூத்பேஸ்டை அப்பிவிட்டேன். வீடியோ காலில் ரோகிணி பார்த்துவிட்டாள். "யாருப்பா இதச் சொல்லிக் குடுத்தது" என்று கத்தினாள். "உன் மாமாதான்" என்று உன் தலையில் கட்டிவிட்டேன். உனக்குப் போன் போடுவாள், மறுத்துவிடாதே மாப்பிள்ளை. வடை எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு எட்டு வந்துவிட்டுப் போ.