கொழுந்துத் தொட்டியில் காய்ந்த வீராங்கனை

பஸ்ஸில் முண்டியடித்து ஏறத் தெரியாதவர்களைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று நினைத்துவிடாதீர்கள். வெளியே காட்டாத அந்த வேகம் எங்கேயாவது சேர்ந்துகொண்டேதான் இருக்கும். என்னுடையது ஒரு அட்டைக்கட்டில் போய்ச் சேர்ந்தது.

அப்போது நான் ஹட்டனில் நிசாம் நானாவின் போன் திருத்தும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.) தினமும் மஸ்கெலியாவிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். (ஏறுவேன் என்பதைவிட, பின்னால் நிற்பவர்களால் ஏற்றப்படுவேன் என்பதே சரி.) கடைக் கண்ணாடிப் பெட்டியில் சார்ஜர்களுக்குப் பக்கத்தில் நானா ஜப்பான் கார்ட்டூன் அட்டைகளும் வைத்திருந்தார். முகத்தில் பாதி கண்ணாகவே உள்ள பெண்கள், வாள், தீ, சிறகு முளைத்த நரிகள். இரண்டு பேர் ஆடும் ஆட்டம். ஆளுக்கு இருபது உயிர். பிடித்த அட்டைகளைப் பொறுக்கி அவரவர் ஒரு கட்டு செய்துகொண்டு, எதிராளியின் உயிரை முடிக்க வேண்டும். வாங்க ஆள் வராததால் நானாவும் நானுமே ஆட ஆரம்பித்தோம்.

ஒரு கேள்விதான் என்னை அதில் பிடித்துப்போட்டது.

“நானா, காப்பாத்துற அட்டையே போடாம, முழுக்க அடிக்கிற அட்டையா அடுக்குனா என்னாகும்?”

“அடி வாங்கி முடிஞ்சி போவீங்க தங்கச்சி.”

“அதுக்கு முன்னாடி நான் அவங்கள முடிச்சிட்டா?”

நானா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “செஞ்சிதான் பாருங்களேன்.”

செய்தேன். பொதுவாக ஓர் அட்டையை இறக்கினால் ஒரு முறை காத்திருந்துதான் அடிக்க முடியும். இறங்கின உடனேயே அடிக்கிற அட்டைகள் சில உண்டு. பளபளவென்று மின்னும் அட்டைகள் அவை. அவற்றையே தேடித் தேடிச் சேர்த்தேன்; அவற்றை இறக்கச் சக்தி கொடுக்கிற சாதா அட்டைகளை மட்டும் கூட வைத்தேன். அதில் ராணி, சிவப்பு முடியை விரித்துக்கொண்டு வாளோடு பாயும் ஒரு வீராங்கனை. அம்மா அவளுக்கு ‘செவத்தக்குட்டி’ என்று பெயர் வைத்தார். (அம்மா முதலில் நான் காசு வைத்துச் சீட்டாடுகிறேன் என்று நினைத்து ஒரு பாட்டம் அழுது முடித்திருந்தார்.)

“வாளத் தூக்கிட்டு நிக்கிறாளே, இவளுக்கு வீட்டு வேல ஒண்ணும் இல்லையா?” என்று கேட்பார்.

கட்டு வேலை செய்தது. கடைக்கு வரும் ஒரு டீச்சர், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஓர் அண்ணன், நானா, மூவரும் கையிலிருக்கும் அட்டைகளை ஒழுங்காக அடுக்கி முடிப்பதற்குள் தோற்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் மட்டும் வழக்கம்போல கடைசியாகவே ஏறினேன்.

எங்களுக்கு ஒரே குறை, ஆட மேசை இல்லாததுதான். செத்த போன்களை ஒதுக்கிவிட்டு கவுண்டரிலேயே ஆடுவோம். வாடிக்கையாளர் வந்தால் உயிர்க்கணக்கை மனதில் வைத்துக்கொண்டு எழுந்துவிடுவோம். கண்டியில் இந்த ஆட்டத்துக்கென்றே ஒரு கடை உண்டு. அங்கே நடக்கும் போட்டிக்கு ஊருக்கு ஒருவர் வரலாம் என்று நானாவிடம் போனில் சொன்னார் அந்தக் கடைக்காரர். ஹட்டனிலிருந்து வருகிறவர் கடைசி நாலு பேருக்குள் வந்துவிட்டால், மாதம் ஒரு போட்டியை ஹட்டனிலேயே நடத்துவதாகவும், மேசைகளைத் தானே அனுப்புவதாகவும் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீங்கதான் போறீங்க” என்றார் டீச்சர். என் வாழ்க்கையில் யாரும் என்னை முன்னால் தள்ளியது பஸ்ஸில் மட்டும்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கெடுத்தது எங்கள் மூடுபனி. போட்டிக்கு முந்திய வாரம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் உப்பு கரைந்தது, தீப்பெட்டி நமுத்தது, என் மின்னுகிற அட்டைகள் மட்டும் மெல்ல மெல்ல வளைந்தன. சாதா அட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். எடுத்த மறுநிமிடமே திரும்பவும் வளைந்தன.

என் அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் அதை ‘இஸ்டோரு’ என்போம். மேல்மாடியில் கம்பிவலை போட்ட நீளமான தொட்டிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை விட்டு வாட்டுவதைப் பார்த்துக்கொள்வது அவர்தான். எங்கள் வீட்டில் எதற்குமே ஈரம்தான் காரணம். எதற்குமே வாட்டுவதுதான் மருந்து. பள்ளிக்கூடக் காலத்தில் என் கால் சப்பாத்து கூட அங்கே ஒருமுறை வாடியிருக்கிறது.

“அப்பா, இதையும் வாட்டலாமா?” என்று கேட்டேன்.

அப்பா ஓர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். “ஈரந்தானே? அதுக்கென்னா, வாட்டிட்டா போச்சு” என்றார். வாடிவிட்டதா என்று எப்படித் தெரியும் என்றேன். “இப்பிடித்தான்” என்று, கொழுந்தைச் செய்வதுபோலவே அட்டையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கப் போனார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லயத்துக் கோழி பறந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலியாயிருந்த தொட்டி ஒன்றைக் கூட்டிச் சுத்தம் செய்யப் போகும்போது அட்டைகளையும் கொண்டுபோனார். வளைந்தவற்றை மட்டும். (சாதா அட்டைகளுக்கு அந்த மரியாதை தேவையில்லை என்று நான்தான் சொன்னேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) ஆர்வத்தில் கொஞ்சம் கூடுதலாகவே காற்றைத் திறந்துவிட்டாராம். மாலையில் அட்டைகள் பலகைபோல் தட்டையாக வந்தன. தேயிலை வாசம் வேறு. நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்து, ஏதோ கண்டுபிடித்தவர்களைப்போலச் சிரித்துக்கொண்டோம். ஓர் அட்டை மட்டும் குறைந்தது. அது கம்பிவலையோரம் சிக்கி, மறுநாள் கொழுந்தோடு அரைபட்டு எந்த நாட்டு எந்தக் கோப்பையில் ஊறியதோ, இன்றுவரை தெரியாது.

கண்டியில் நல்ல வெயில். முதல் ஆட்டத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவரை, அவர் உட்கார்ந்து முடிப்பதற்குள் வென்றேன். கூட வந்திருந்த நானா தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். இன்னும் ஒன்றை வென்றால் ஹட்டனுக்கு மேசை.

இரண்டாவது ஆட்டத்தில் எதிரே திலினி என்று கெம்பஸில் படிக்கும் ஒரு பிள்ளை. அமைதியானவள். நான் கட்டைக் கலைத்து மேசையில் வைத்தேன். அவள் குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள்.

“அக்கே, மே மொகக்த?” என்றாள். அக்கா, இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறாள்.

நானும் குனிந்தேன். தொட்டிச் சூட்டில் ஏற்கெனவே காய்ந்த அட்டைகள் கண்டி வெயிலில் இன்னும் காய்ந்து, இந்த முறை எதிர்ப்பக்கமாக வளைந்திருந்தன. சாதா அட்டைகள் சாதுவாகப் படுத்திருந்தன. கட்டில் எங்கெங்கே அடி காத்திருக்கிறது என்று அந்தக் கோடியில் நிற்பவருக்குக்கூடத் தெரியும். போதாததற்கு, கட்டைக் கையில் எடுத்தபோது அட்டைகளுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகளிலிருந்து தேயிலைத் தூள் கொட்டியது.

போட்டி நடத்துகிற கடைக்காரரே நடுவர். வந்தார். வளைந்த அட்டைகளை ஒரு பக்கம் வைத்தார். அத்தனையும் அடிக்கிற அட்டைகள். நிமிர்ந்து, “அடையாளம் வச்சதா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“இல்லீங்க, வாட்டுனது” என்று நான் தமிழில் உளறினேன். நானா ஓடி வந்து சிங்களத்தில் விளக்கினார். கொழுந்து, கம்பிவலை, சூடான காற்று, அப்பாவின் அனுபவம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் விளக்க விளக்க அது இன்னும் பெரிய மோசடிபோலத்தான் கேட்டது. நடுவர் செவத்தக்குட்டியை எடுத்து மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

“ஏமாத்தலன்னு நம்புறேன். இப்பிடி ஒரு பொய்ய யாராலயும் யோசிக்க முடியாது” என்றார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். வளைந்த அட்டைகள் ஆட்டத்தில் கூடாது. அவற்றுக்குப் பதிலாகக் கடையில் சும்மா கிடக்கும் சாதா அட்டைகளைப் போட்டுக்கொள்ளலாம். பெட்டியைத் திறந்து தந்தார். உள்ளே இருந்ததெல்லாம் மருந்து, கட்டுத்துணி, குணமாக்கும் நீரூற்று. யாருக்கும் வேண்டாத அட்டைகள்.

அடிக்க மட்டுமே தெரிந்த நான் அன்றைக்கு நர்ஸ் வேலை பார்த்தேன். திலினி அடித்தாள், நான் மருந்து போட்டேன். மறுபடி அடித்தாள்; நான் நீரூற்றில் குளித்தேன். எப்படித் திருப்பி அடிப்பது என்று மட்டும் அந்தக் கட்டில் எங்குமே இல்லை. மற்ற மேசைகளெல்லாம் முடிந்து, ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, நான் மெதுமெதுவாகச் செத்தேன்.

தோற்றதுகூடப் பரவாயில்லை. கிளம்பும்போது நடுவர் நானாவிடம் சொன்னதுதான் சுட்டது. “உங்க ஊர் பனியில மேச போட்டா எல்லார் அட்டையும் இப்பிடித்தான் ஆகும். ஹட்டன் சரிவராது.” நான் தோற்றது மட்டுமல்ல; என் ஊரே சரிவராது என்பதற்குச் சாட்சியையும் நானே வாட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வெட்கம், கோபம், எல்லாம்தான். நானா இஞ்சி மிட்டாயை நீட்டினார். கினிகத்தேனை ஊரைத் தாண்டியபோதுதான், “அவரு மேச அனுப்பலன்னா ஹட்டன்ல பலக இல்லையா தங்கச்சி?” என்றார்.

செத்த போன்கள் இருந்த அலுமாரியைக் காலி செய்து, அதன் கதவைக் கழற்றி மேசையாக்கினார். இப்போது ஞாயிறுகளில் அங்கே இடம் பிடிக்க முண்டியடிக்க வேண்டியிருக்கிறது. (நான் கடைசியாகத்தான் உட்காருகிறேன்.) சிவனொளிபாத மலை ஏற நல்லதண்ணி ஊருக்குப் போகிற வழியில் திலினிகூட ஒருமுறை இறங்கி ஆடிவிட்டுப் போனாள். என் கட்டில் மருந்து அட்டைகளும் இருப்பதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

வீட்டில் இன்னமும் எது நனைந்தாலும், என் கல்யாணப் புடவை உட்பட, “இஸ்டோருக்குக் கொண்டு போகவா?” என்றுதான் அப்பா கேட்கிறார்.

செவத்தக்குட்டி மறுபடி ஆட்டத்துக்கு வரவே இல்லை. அம்மா அவளைத் துணிக்கிளிப்பில் மாட்டி வாசல் கதவருகே தொங்கவிட்டிருக்கிறார். நன்றாக வெயிலடித்தால் அவள் வில்லாக வளைவாள்; பனி வருகிறதென்றால் மெல்லத் தட்டையாகிப் படுத்துவிடுவாள். அவளைப் பார்த்துத்தான் எங்கள் லயத்தில் துணி காயப்போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குமுன், மின்னுகிற அட்டைகளை வெளியே எடுக்கலாமா என்று கேட்க நானா ஹட்டனிலிருந்து அம்மாவுக்குத்தான் போன் போடுவார்.

அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவார். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிறகு வானிலைக்காரர்களுக்கே இல்லாத அதிகாரத்தோடு சொல்வார்: “படுத்துட்டா தம்பி. இன்னிக்கு யாரும் சண்டைக்குப் போகாதீங்க.”