பட்டாணி கேட்ட தாத்தா

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்று மாப்பிள்ளை அவ்வப்போது, நான் கேட்காமலே, எனக்குக் கேட்கிற குரலில் என் மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே விசாரிக்கிற வேலை எனக்கு மிச்சம். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். என் போன் நம்பரை நீங்கள் பிளாக் செய்து வைத்திருப்பதால் எனக்கு வேறு வழியில்லை. தபால்காரரை பிளாக் செய்யும் வசதி இன்னும் வரவில்லை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இது மன்னிப்புக் கடிதம் அல்ல. போன மழைக்காலத்தில் நீங்கள் இங்கே வந்திருந்தபோது நான் இருமலோடு படுத்துக் கிடந்தேன். என்னைப் பார்க்க வந்திருந்த அலுவலக நண்பர்கள் முன்னால் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "பயப்பட ஒண்ணும் இல்ல, ஆட்டுக்கு இப்படி வந்தா தானா தேறிடும்" என்றீர்கள். ஆயுள் முழுக்கக் கால்நடை மருத்துவராக இருந்தவருக்கு எதைப் பார்த்தாலும் கால்நடையாகத் தெரிவது தொழில் கோளாறு என்று விட்டிருப்பேன். "நான் ஆடு இல்லை" என்று நான் சொன்னதற்கு, "ஆமா சம்பந்தி, ஆடு இவ்வளவு பேசாது" என்றீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. அதற்குப் பதிலாக நான் ஒரு வாக்கியம் சொன்னேன். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் கிடையாது. அதற்காக நீங்கள், "இனிமே இந்த வீட்டுப் படி மிதிச்சா என்னை என்னன்னு கேளுங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். நீங்கள் போனது பெரிதல்ல. அலுவலகத்தில் இன்றைக்கும் நான் இருமினால் பின் வரிசையிலிருந்து யாரோ 'ம்மே' என்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பேத்தி (என் பேத்தியும்தான், ஆனால் நீங்கள் எப்போதும் உங்கள் பேத்தி என்றுதான் சொல்வீர்கள்) பட்டாணிக்கு இந்த கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்கித் தருவது என்று வீட்டில் பேச்சு வந்தது. போன வருடம் யாரும் அவளைக் கேட்காமல் ஒரு பொம்மைச் சமையலறை வாங்கினோம். அவள் சமையலறையை ஒரு மூலையில் வைத்துவிட்டு, அது வந்த அட்டைப்பெட்டிக்குள் குடியேறி, அட்டை நைந்து போகும்வரை அதை விட்டு வெளியே வரவில்லை. ஆகவே இந்த முறை அவளையே கேட்டுவிடுவது என்று முடிவாகி, கேள்வியைத் தெளிவாகக் கேட்கக்கூடியவன் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

"பட்டாணி, கிறிஸ்துமஸுக்கு உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

கொஞ்சமும் யோசிக்காமல், "தாத்தா வேணும் சார்" என்றாள்.

இந்த 'சார்' உங்களுக்குத் தெரிந்ததுதான், நீங்கள் விழுந்து விழுந்து சிரித்ததும்தான். இருந்தாலும் என் தரப்பை நீங்கள் ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. அவள் பேசத் தொடங்கியபோது எனக்கு ஐம்பதுதான் தாண்டியிருந்தது. பாடநூல் பதிப்பகத்தில் பிரிவுத் தலைவர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். இளமையும் துடிப்பும் உள்ள ஆளைத் தேடுகிறோம் என்று மேலிடத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஒரு குழந்தை அலுவலகத்துக்கு போன் போட்டு 'தாத்தா இருக்காரா' என்று கேட்டால் நன்றாக இருக்குமா? அதனால் 'சார்' என்று சொல்லிப் பழக்கினேன். பதவி வேறொருவருக்குப் போனது. 'ஒரு' எங்கே வரும், 'ஓர்' எங்கே வரும் என்று என்னிடம் வந்து கேட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு. ஆனால் 'சார்' மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் வீட்டில் தாத்தா என்ற சொல் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு குழந்தை தாத்தா வேண்டும் என்றால், படித்தவன் எவனும் என்ன நினைப்பான்? சிவப்பு உடையும் வெள்ளைத் தாடியுமாக ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை வேண்டும் என்றுதான் நினைப்பான். நானும் நினைத்தேன். அங்கே ஆரம்பித்தது.

கடைத்தெருவுக்குப் போனேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு தாத்தா. கடைக்காரப் பெண், "சார், இது பாடும், இடுப்பை ஆட்டும், ஹோ ஹோன்னு சிரிக்கும்" என்றாள். "பாட்டு வேண்டாம், ஆட்டம் மட்டும் போதும்" என்றேன். "பாடாம ஆடமாட்டார் சார். ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச்" என்றாள். வாங்கி வந்து பட்டாணி முன்னால் வைத்தேன். அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் காதில் வாயை வைத்து ஏதோ ரகசியமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அதன் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். அது இடுப்பை ஆட்டியது. "இது தாத்தா இல்ல" என்று எழுந்து போய்விட்டாள். தாத்தா நிற்கவில்லை. சுவிட்சை அணைத்தாலும் பாடினார். துணி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் உள்ளேயிருந்து பாடினார். என் மனைவி துண்டு எடுக்கத் திறந்தபோதெல்லாம் ஹோ ஹோ என்று சிரித்தார். திருப்பிக் கொடுக்கப் போனால் அந்தப் பெண், "ஓடலைன்னாதான் சார் திருப்பி எடுப்போம், நிக்கலைன்னா எடுக்க மாட்டோம்" என்கிறாள்.

என் மகள்தான், "ரொம்பச் சின்னதா இருக்குன்னு பிடிக்கல போலப்பா. நிஜத் தாத்தா சைஸ்ல கேக்குறா" என்றாள். சரி என்று காற்றடிக்கிற தாத்தா ஒன்று வாங்கினேன். அட்டையில் போட்டிருந்த படத்தில் அது ஒரு மரத்தடியில் அடக்கமாக நின்றது. அந்த மரம் எவ்வளவு பெரிய மரம் என்று நான் யோசிக்கவில்லை. மாப்பிள்ளையும் நானும் சைக்கிள் பம்பை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடித்தோம். முதலில் பூட்ஸ் வந்தது, அப்புறம் தொப்பை வந்தது, தொப்பை மட்டும் வந்துகொண்டே இருந்தது. "மாமா, போதும்னு நினைக்கிறேன்" என்றார் மாப்பிள்ளை. தலை இன்னும் வரவில்லையே என்று நான் அடித்தேன். தலை வந்தபோது தாத்தா வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள வாசலில் வசமாகச் சிக்கிக்கொண்டார். உள்ளேயிருந்து என் மனைவி, "ஏங்க, நான் எப்படி வெளிய வர்றது?" என்றாள். "தொப்பைக்குக் கீழே குனிஞ்சு வா" என்றேன். "முப்பது வருஷமா அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். இதற்கு மாப்பிள்ளை சிரித்தார். உங்கள் பிள்ளைதானே.

காலையில் பார்த்தால் காற்று பாதி இறங்கி, தாத்தா சோபாவின் மேல் முகம் குப்புற மண்டியிட்டுக் கிடந்தார். பட்டாணி வந்து அதன் காதைத் தேடிக் கண்டுபிடித்து, மறுபடியும் ஏதோ ரகசியம் சொல்லி, மறுபடியும் காத்திருந்தாள். அப்புறம் எங்களிடம் திரும்பி, "இந்தத் தாத்தாவுக்கு ஒண்ணுமே தெரியல" என்றாள். அப்போது அவள் உதடு பிதுங்கியதைப் பார்த்தேன். சம்பந்தி, நான் இளகிய மனசுக்காரன் இல்லை, அது உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தக் குழந்தை அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால் மிட்டாய் கொடுத்துச் சமாளித்திருக்கலாம். கையைக் கட்டிக்கொள்கிற குழந்தையை என்ன செய்ய முடியும்?

சரி, பொம்மைகள் வேலைக்காகாது, பேசுகிற தாத்தா வேண்டும் என்று நானே களத்தில் இறங்கினேன். அதற்கு உடை வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது ஒருவரிடம்தான் இருக்கிறது. வருடா வருடம் அதைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் டைரி கொடுப்பது பிரிவுத் தலைவர்தான், மேலே சொன்ன அதே 'ஒரு-ஓர்' ஆசாமி. அவர் அறைக்குப் போய்ப் பணிவாகக் கேட்டேன். அதை எழுதும்போதே கை கூசுகிறது. "தாராளமா எடுத்துட்டுப் போங்க சார். தாடி பெட்டிக்குள்ளயே இருக்கு. சிரிப்பை மட்டும் நீங்க வெளியிலதான் வாங்கணும்" என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன். இதையும் மறக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொல்லைப்பக்கமாக வந்து, முதுகில் பரிசு மூட்டை மாதிரி ஒரு தலையணை உறையைப் போட்டுக்கொண்டு, மணியை ஆட்டியபடி முன்வாசலுக்கு நடந்தேன். எதிர்வீட்டு வக்கீலம்மா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் எடுப்பதை நிறுத்திவிட்டார். பட்டாணி வெளியே வந்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். செருப்பில் கண் நின்றது. அடையாளம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் பெரிய மனசோடு எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள்.

"குனி" என்றாள்.

குனிந்தேன். தாடியை விலக்கி, காதில் சொன்னாள்: "கழுதை மாதிரி கத்து."

அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. குழந்தையின் முகம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. கத்தினேன். இரண்டு பட்டங்கள் வாங்கியவன், ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் செய்யுள் பகுதி முழுவதையும் பிழையில்லாமல் கொண்டுவந்தவன், என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கழுதை மாதிரி கத்தினேன். மேலேயிருந்து வக்கீலம்மா, "சார், வீட்ல பிராணி வளர்க்க அனுமதி வாங்கிட்டீங்களா?" என்றார்.

பட்டாணி தலையை ஆட்டினாள். "இது கழுதை இல்ல சார். இது கதவு. தாத்தாதான் நல்லாக் கத்துவாரு. கழுதை, எருமை, வயித்துவலி வந்த எருமை எல்லாம் கத்துவாரு. அந்தத் தாத்தா வேணும்."

சத்தம் கேட்டு என் மனைவியும் மகளும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் வீட்டுக் கூரையை முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி அண்ணாந்து பார்த்தார். என் மகள், "இத்தனை நாளா இவரோட அப்பாவைத்தான் கேட்டிருக்கா. நாமதான் கடை கடையா அலைஞ்சிருக்கோம்" என்றாள். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தபடியே, "நான் ஏற்கனவே கூப்பிட்டுப் பாத்துட்டேன் மாமா. 'உன் மாமனார் கூப்பிடட்டும், வர்றேன்'னுட்டார்" என்றார். என் மனைவி தாடியை என் முகத்திலிருந்து பிய்த்து எடுத்து, என் கையில் கொடுத்து, "எந்த வாய் துரத்துச்சோ அந்த வாய்க்குச் சொந்தக்காரர்தான் எழுதணும். உள்ள போய் எழுதுங்க" என்றாள். இன்னும் அந்த சிவப்பு உடையைக் கூடக் கழற்றாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடுப்புப் பட்டியின் கொக்கி சிக்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, நிலைமையைத் தெரிவித்துவிட்டேன். நீங்கள் வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வருவதாக இருந்தால் சில விஷயங்கள் இப்போதே தெளிவாக இருக்கட்டும். ஜன்னலோர நாற்காலி என்னுடையது. என் இருமலைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லக் கூடாது, எந்தப் பிராணியோடும் ஒப்பிடக் கூடாது, ஒட்டகமாக இருந்தாலும் சரி. எருமைச் சத்தம் காலை ஏழு மணிக்கு முன்னால் வேண்டாம். பேருந்து நிலையத்துக்கு மாப்பிள்ளை வருவார், நான் வர மாட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் நீங்கள் கிளம்பிவிட்டால் இரு தரப்புக்கும் மரியாதை. நான் சொன்ன அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற மாட்டேன். வேண்டுமானால் அது உங்களைப் பற்றிச் சொன்னது அல்ல, பொதுவாகச் சொன்னது என்று நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

சம்பந்தி அம்மாவுக்கு என் மனைவியின் அன்பு. உங்கள் உடம்பும் உங்கள் பராமரிப்பில் உள்ள சகல ஜீவராசிகளின் உடம்பும் நோய்நொடியில்லாமல் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தகப்பன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் எருமை கத்தியது. அதற்கு வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு சின்ன எருமை பதில் கத்தியது. நேற்று மாப்பிள்ளையின் போனை யாருக்கும் தெரியாமல் எடுத்து பட்டாணியே உங்களைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கழுதை மாதிரி கத்திவிட்டு வைத்துவிட்டாளாம். அதைக் கேட்டதும் கிளம்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள். என் அழைப்புக்குக் காத்திருப்பதாக நீங்கள் சொன்னதெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் உங்கள் கையைப் பிடித்து இழுத்து வந்து, "தாத்தா, இதுதான் சார்" என்று என்னை அறிமுகப்படுத்திவிட்டாள். நீங்கள் என் சிவப்பு உடையைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம். இடுப்புக் கொக்கியை மட்டும் ஒரே இழுப்பில் கழற்றிவிட்டீர்கள். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "என்ன சம்பந்தி எழுதுறீங்க?" என்று கேட்கிறீர்கள். ஆபீஸ் விஷயம் என்று சொல்லியிருக்கிறேன். இவ்வளவு எழுதியதை வீணாக்க மனமில்லை. நாளைக்கு உங்கள் ஊர் முகவரிக்கே தபாலில் சேர்த்துவிடுவேன். நீங்கள் வீடு திரும்பினால்தான் படிக்க முடியும். அதற்கு ஒன்றும் அவசரமில்லை.