மச்சான் காரும் ராகு கால எபாக்ஸியும்

அன்று எங்கள் மொட்டை மாடியில் இருந்தவர்கள்: நான், என் மனைவி கோமதி, கூப்பிடாமலேயே வந்துவிடும் கீழ்வீட்டு சௌந்தரராஜன் சார், மச்சானின் காரிலிருந்து நான் கழற்றிவந்த கார்பன் ஃபைபர் பட்டை. மச்சான் இல்லை. அவர் ஆறு மணிக்கு வந்து காரை எடுத்துப் போவதற்குள் பட்டை பழையபடி பளபளக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

மச்சான் என்றால் கோமதியின் அண்ணன். கைலாசபுரத்தில் குடியிருப்பு, தொழிற்சாலையில் வேலை. கறுப்புப் பாய் பின்னியது போல டாஷ்போர்டில் மின்னும் அந்தப் பட்டையைத் தனியாகச் செலவழித்துப் போட்டவர். ஏறுகிறவர்களிடமெல்லாம், "கை வைக்காதீங்க, ரேகை விழும்" என்பார். நான் அதில் ஆணி அடித்துவிட்டேன்.

(அவசரப்பட்டுத் திட்டாதீர்கள்.) திருவெள்ளறை கோயிலுக்குப் போய்வரக் காரை இரவல் கொடுத்திருந்தார். பெருமாள் துணையில்லாமல் கொள்ளிடம் பாலத்தைக் கடக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. பாலம் இடிந்தால்? பிரேக் பிடிக்காவிட்டால்? பாலமும் இடிந்து பிரேக்கும் பிடிக்காவிட்டால்? காலண்டரிலிருந்து வெட்டிய பெருமாள் படத்தை டேப் போட்டு ஒட்டினேன். வெயிலில் விழுந்தது. அபசகுனம்! சின்ன ஆணி, ஒரே அடி. பெருமாள் நின்றார், பட்டை குறுக்கே விரிசல் விட்டது. பாலம் இடியவில்லை.

'வீட்டிலேயே பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம்' என்று வீடியோவில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு மச்சான் கிடையாது போலிருக்கிறது. வேதியியலுக்குப் பயந்து ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வேதியியல் என்னை விடவில்லை. பாலக்கரை கடையிலிருந்து எபாக்ஸி என்கிற பசை டப்பாவாக வீட்டுக்கே வந்தது.

தோசைத் திருப்பியால் பட்டையை நெம்பி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்தேன். எபாக்ஸியைப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றினேன். அதை இறுக வைக்கும் ஹார்டனரை அளந்து கலக்கவேண்டும், கலந்ததும் தடவிவிடவேண்டும் என்று அந்த வீடியோக்காரன் சொல்லியிருந்தான். இறுகாமல் போய்விட்டால்? இன்னொரு பங்கு சேர்த்து ஊற்றினேன்.

பிரஷ்ஷை முக்கியபோது கோமதி மணி பார்த்தாள்.

"ஏங்க, நாலரை ஆயிடுச்சு. ஞாயித்துக்கெழம. ராகு காலம்!"

என் கை அந்தரத்தில் நின்றது.

"கலந்தாச்சோன்னோ? அதுவே ஆரம்பம்தான்" என்றார் சௌந்தரராஜன் சார். "நல்ல நேரத்துலதான் ஆரம்பிச்சிருக்கேள். தாராளமாத் தடவலாம்."

"அரிசி களைஞ்சா சாப்பிட்ட மாதிரி ஆயிடுமா சார்? தடவுறதுதான் ஆரம்பம்" என்றாள் கோமதி.

"அப்போ பந்தக்கால் நடறதுக்கு ஏம்மா நாள் பாக்கறா?"

"அது பந்தலுக்கு. தாலி கட்டுறதுதான் சார் கல்யாணம்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகப் பட்டதால் நான் இரண்டுக்கும் பயந்து, பிரஷ்ஷை டம்ளரிலேயே விட்டுவிட்டு நின்றேன். விவாதம் காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் சுற்றிவிட்டு வந்தபோது, கலவை தானாகவே சூடேறி டம்ளர் கையைச் சுட்டது.

"ஏங்க, பொக வருதுங்க!"

பதற்றத்தில் எல்லாவற்றையும் பட்டையின் மேலேயே கவிழ்த்தேன். கொழகொழவென்று ஒரு கட்டி விரிசலில் போய் உட்கார்ந்தது. அதன் நடுவில் பிரஷ், கொடிமரம் போல. தண்ணீர் ஊற்றினேன். இழுத்தேன். தோசைத் திருப்பிதான் வளைந்தது. இறுகாமல் போய்விடுமோ என்று நான் கவலைப்பட்டிருக்கவே வேண்டாம்.

மச்சான் ராகு காலமெல்லாம் பார்க்காமல் ஐந்தரைக்கே வந்துவிட்டார். பட்டையைக் கையில் வாங்கினார். பிரஷ்ஷைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார்.

"மாப்ள, இது எத்தனாவது கியருங்க?"

சௌந்தரராஜன் சார் படியிறங்கிப் போய்விட்டார்.

எங்கள் சொந்தத்தில் இன்றும் யாராவது "பொண்ணு பாத்தாச்சு" என்றால், "கலந்தாச்சா, தடவியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். புதுப் பட்டைக்கு மச்சான் கொடுத்தது பதினேழாயிரம். அதில் ஆறாயிரத்தை என்னிடம் வாங்கிக்கொண்டார். மீதியை எந்த விசேஷத்தில் நீட்டினாலும், நாலு பேர் காதில் விழும்படி, "அவசரமில்ல மாப்ள, நல்ல நேரம் பாத்துக் குடுங்க" என்று கையைக் கட்டிக்கொள்கிறார். வாங்கிவிட்டால் அப்புறம் சொல்லிக்காட்ட முடியாதே. பாக்கி, பதினோராயிரம் ரூபாய்.