செண்பகவல்லியின் முழங்காலும் மகுடேசுவரனின் பட்டமும்

ஒரு காட்டில், ஓடுகிற விலங்குகளைவிட உட்கார்ந்திருக்கிற விலங்குகள் அதிகமாகிவிட்டன. குரங்குக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. முயலுக்கு முதுகு. ஆமைக்கு எப்போதும்போல எல்லாமே. எனவே அங்கே ஒரு பிசியோதெரபி கல்லூரி திறந்தார்கள். சீட்டு நிரம்பவில்லை. காலியாகக் கிடந்தால் மூடிவிடுவார்கள் என்று பயந்து, கவுன்சலிங் பக்கம் தலைகாட்டியவர்களை எல்லாம் பிடித்துச் சேர்த்தார்கள். அப்படித்தான் மகுடேசுவரன் என்ற புலி உள்ளே வந்தான்.

பையனைக் குறை சொல்லக் கூடாது. பரம்பரையாக அடித்துத் தின்ற குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவன். 'டாக்டர் மகுடேசுவரன்' என்று இப்போதே பலகை எழுதிக் குகைக்குள் ஒளித்து வைத்திருந்தான். இந்தப் படிப்புக்கு டாக்டர் என்று போடலாமா கூடாதா என்று காட்டில் ஒரு சண்டை உண்டு. புலியிடம் போய் அதை யார் கேட்பது?

தொழில் ஒழுக்கம் என்ற பாடத்தைத் துறைத்தலைவி கரடி மேடம் நடத்தினார்.

"கோட்டு இஸ்திரி போட்டிருக்கணும். நகம் வெட்டியிருக்கணும். திரையை இழுத்து விடணும். அனுமதி கேக்காம யாரையும் தொடக் கூடாது. தொடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கை கழுவணும். நோயாளியோட ரகசியம் வெளிய போகக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. அப்புறம், மகுடேசுவரா, உன்னத்தான் சொல்றேன், நோயாளியைத் தின்னக் கூடாது."

"டிஸ்சார்ஜ் ஆன பிறகு, மேடம்?"

மேடம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அது சிலபஸ்ல இல்ல," என்றார்.

மகுடேசுவரன் அன்றே நகத்தை வெட்டிக்கொண்டான். அவன் அம்மா அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

கடைசி வருடம் ஆளுக்கொரு நோயாளியை ஒதுக்கினார்கள். பரீட்சையன்று வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் முன்னால் அந்த நோயாளியை நடக்க வைத்துக் காட்ட வேண்டும். நடந்தால் பாஸ். நொண்டினால் இன்னொரு வருடம். மகுடேசுவரனுக்குக் கிடைத்தவர் செண்பகவல்லி என்கிற புள்ளிமான். பின்னங்கால் முட்டியில் அடி.

"எப்படிம்மா அடிபட்டுச்சு?"

"நீங்க துரத்துனீங்களே தம்பி, போன மழைக்கு. பள்ளத்துல விழுந்தேன்."

மகுடேசுவரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஓடும்போது ஏற்பட்டது' என்று எழுதிக்கொண்டான். சொந்த விஷயங்களைத் தொழிலுக்குள் கொண்டுவரக் கூடாதல்லவா.

வைத்தியத்தில் பையன் கெட்டிக்காரன்தான். கரண்ட் வைத்தான். காலில் மணல் பையைக் கட்டித் தூக்கச் சொன்னான். ஒவ்வொரு முறையும் திரையை இழுத்து, அனுமதி கேட்டு, கை கழுவி, ஊறுகிற எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் தொடுவான். வீக்கம் வடிந்தது. ஒருநாள் செண்பகவல்லி பிடிமானமில்லாமல் தானே நடந்து பார்த்துவிட்டு அழுதேவிட்டார்.

"இனிமே ஓடலாமா தம்பி?"

"தாராளமா ஓடலாம்மா. பரீட்சை முடிஞ்சதும் டிஸ்சார்ஜ் எழுதிடலாம்."

"அதுக்கப்புறம்?"

பொய் சொல்லக் கூடாது என்பது பாடத்தில் இருந்ததே. "அதுக்கப்புறம் நீங்க நோயாளி இல்லீங்கம்மா," என்றான், மிகவும் பணிவாக.

செண்பகவல்லி அவன் பல்லைப் பார்த்தார். "இப்பத்தான் மறுபடி லேசா இழுக்குது," என்றார்.

அதன்பிறகு இழுத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் செண்பகவல்லி மதில் சுவரை அநாயாசமாகத் தாண்டி டீக்கடைக்குப் போனதையும், வாயில் பன்னோடு திரும்பத் தாண்டி வந்ததையும், வெளிநோயாளிகள் வரும் ஓ.பி. வாசலில் நொண்ட ஆரம்பித்ததையும் மகுடேசுவரன் கண்ணால் பார்த்துவிட்டான்.

"நடிக்கிறீங்களாம்மா?"

"இது நோயாளி ரகசியம் தம்பி. வெளிய போகக் கூடாது."

மேடத்திடம் சொன்னால் ஒழுக்கம் போச்சு. சொல்லாவிட்டால் பட்டம் போச்சு.

ஆனால் நோயாளி தன் ரகசியத்தை ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. செண்பகவல்லி சொன்னார். விடிவதற்குள் ஓ.பி.யில் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. காட்டுப்பன்றி தோள்பட்டை என்றது. முயல்கள் குடும்பத்தோடு வந்து கழுத்து என்றன. ஒரு மயில் என்ன சொல்வது என்று மறந்துபோய், "நீங்களே ஏதாச்சும் ஒண்ணு போட்டுக்குங்க சார்," என்றது. சாயங்காலம் இரை தேடிப் போனால், பாய்வதற்கு முன்பே எதிரில் இருப்பவர் ஓ.பி. சீட்டை எடுத்து நீட்டினார்.

புலி கேன்டீன் எலுமிச்சை சாதத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. விலா எலும்பு தெரிந்தது. கோட்டு தொளதொளவென்று தொங்கியது. கரடி மேடம் அவன் படத்தை அறிவிப்புப் பலகையில் மாட்டி, 'தன்னலமற்ற சேவை' என்று எழுதி வைத்தார். செண்பகவல்லிக்கே மனசு கேட்கவில்லை. தன் பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். "சாப்பிடுங்க தம்பி. கரண்ட் வைக்கும்போது கை நடுங்குது."

பரீட்சை நாள் வந்தது. எக்ஸ்டர்னலாக வந்தவர் பேராசிரியர் சபாபதி, நகரத்துக் கல்லூரியின் வெள்ளாடு. நல்ல செழிப்பு. எக்ஸ்டர்னல் வயிறு குளிர்ந்தால்தான் மார்க் விழும் என்பது எல்லாக் கல்லூரிக்கும் தெரிந்த விஷயம். மேடம் விருந்துக்குச் சொல்லியிருந்தார். சாப்பாட்டைவிட வாழையிலை பெரியதாக இருக்க வேண்டும் என்று தனியாகவும் சொல்லியிருந்தார்.

செண்பகவல்லி நடந்தார். இல்லை, நொண்டினார். அப்படி ஒரு நொண்டலை அந்தக் காடு கண்டதில்லை.

"இதான் நீ பாத்த வைத்தியமா?" என்றார் சபாபதி. "இன்னும் ஒரு வருஷம் உக்காந்து படி."

மகுடேசுவரன் செண்பகவல்லியைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க தம்பி. எனக்கும் உசிருன்னு ஒண்ணு இருக்குல்ல," என்று முணுமுணுத்தார். மதில் சுவர் விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பாஸ். சொல்லவில்லை. அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்க்க மேடம் வெளியே போனார். சபாபதி தாடியைத் தடவிக்கொண்டு, "எனக்கெல்லாம் இந்த வைத்தியமே தேவைப்பட்டதில்ல," என்றார்.

புலியின் காது நிமிர்ந்தது. "முட்டி வலி, சார்?"

"கிடையாது."

"கழுத்து? இடுப்பு?"

"ஒரு தலைவலிகூடக் கிடையாது. உடம்பு கல்லு மாதிரி."

"எங்க ஓ.பி.யில சீட்டு ஏதாவது போட்டிருக்கீங்களா சார்?"

"நானா? எதுக்கு?"

மகுடேசுவரன் கை கழுவினான். திரையை இழுத்து விட்டான். "தொட்டுப் பாக்கலாமா சார்?"

"நல்லாப் பாரு," என்றார் சபாபதி, தொடையைத் தட்டிக் காட்டி.

மேடம் திரும்பி வந்து, "சார், சாப்பாடு வந்துடுச்சு," என்றார். திரைக்குப் பின்னாலிருந்து மகுடேசுவரன் மட்டும் வந்தான். கோட்டில் ஒரு கறை இல்லை. மறுபடியும் கை கழுவிக்கொண்டிருந்தான்.

மேடம் திரைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு மூக்குக்கண்ணாடி கிடந்தது.

"அனுமதி?"

"கேட்டேன் மேடம். நல்லாப் பாருன்னாரு."

"நோயாளி இல்லையே?"

"அவரே சொன்னாரு, மேடம்."

மேடம் வேறு ஏதாவது விதி மீறப்பட்டிருக்கிறதா என்று வெகுநேரம் யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

அதுவரை சுவரோடு ஒட்டி நின்ற செண்பகவல்லிக்கு அப்போதுதான் உடம்பு சொன்னபடி கேட்டது. மேசையைத் தாண்டினார், ஜன்னலைத் தாண்டினார், மதில் சுவரையும் தாண்டிப் போயே போய்விட்டார்.

"முட்டி பூரண குணம்," என்றார் மேடம், அசந்துபோய். எக்ஸ்டர்னல் போட வேண்டிய மார்க்கையும் தானே சேர்த்துப் போட்டார். "நீ பாஸ். அந்தம்மாவுக்கு டிஸ்சார்ஜ் எழுதிடு."

மதிலுக்கு அந்தப் பக்கம் மெதுவாக ஒரு தலை எழும்பியது.

"தம்பி," என்றார் செண்பகவல்லி, "குதிச்சதுல இடுப்பு பிடிச்சிக்கிச்சு."

மகுடேசுவரன் ஒரு ஏப்பம் விட்டான். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, புதுச் சீட்டு எழுதினான்.

"அப்படியே எனக்கும் ஒண்ணு எழுதிடுப்பா," என்றார் கரடி மேடம். "கொஞ்ச நாளா தோள்பட்டை சரியில்ல."

நீதி: யாராவது அக்கறையாக நலம் விசாரித்தால், இடுப்பு லேசாக வலிக்கிறது என்றே சொல்லி வையுங்கள்.