பத்தொன்பதாவது சுற்றில் நான் நீட்டாத பாட்டில்

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். கல்லூரியில் முப்பத்துநான்கு வருடம் தத்துவ வகுப்பு எடுத்தவன் நலத்தை வரையறுக்காமல் ஒரே சொல்லில் எழுதுவது தப்புதான். ஆனால் நீ பல் ஆஸ்பத்திரி நர்ஸ், வாயைத் திறந்தவன் சீக்கிரம் மூடினால்தான் உனக்குப் பிடிக்கும். அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும், முக்கியமாக நான்கு நாளாக உன் வீட்டில் இருக்கிற என் மகளும் நலமாயிருக்க வேண்டும். அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, வார்த்தை மாறாமல் எழுது.

"அப்பா என் பந்தயத்தைக் கெடுத்துட்டாரு அத்தை" என்று சொல்லியிருப்பாள். உண்மைதான். எப்படிக் கெடுத்தேன் என்பதை என் வாயால் சொல்லிவிடுகிறேன். "நடக்கறதுக்கு எதுக்கு மச்சான் போட்டி?" என்று மாப்பிள்ளை ஒருமுறை கேட்டாரே, அவருக்கும் படித்துக் காட்டு. நடைப் போட்டியில் எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் எழும்பினால் அது ஓட்டம். முன்கால் தரையைத் தொடும்போது முழங்கால் மடங்கவும் கூடாது. நடுவர்கள் மைதானத்தைச் சுற்றி நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், சந்தேகம் வந்தால் சிவப்பு அட்டை. மூன்று நடுவர்கள் தனித்தனியாகப் போட்டுவிட்டால் ஆள் வெளியே. இருபத்தைந்து சுற்று. எனக்கு இந்தப் போட்டி மேல் முதலிலிருந்தே மரியாதை. நம் காப்பியங்களில் பெரியவர்கள் எல்லாரும், காட்டுக்குப் போனாலும் சரி, அரசனிடம் நியாயம் கேட்கப் போனாலும் சரி, நடந்துதானே போனார்கள்? ஒருத்தராவது ஓடினார்களா?

அவளுடைய கோச்சம்மா எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. "சார், நீங்க அந்தக் கடைசி வளைவுல நில்லுங்க. பாப்பா வரும்போது தண்ணி பாட்டில நீட்டுங்க. அவ்வளவுதான்." நீட்டும்போது முழங்கை மடங்கலாமா என்று கேட்டேன். கோச்சம்மா, "சார், நீங்க போட்டியில இல்ல" என்றார். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நானோ விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? கால் தரையை விட்டது வெறும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் குற்றமாம். அதாவது இரண்டு காலும் எழும்பியே இருந்தாலும், பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது நடைதான்! உண்மை வேறு, தோற்றம் வேறு என்று நான் ஆயுசு பூராவும் கத்தினதை ஒரு விளையாட்டு விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. பந்தயத்தன்று நேரே போய் எங்கள் வளைவில் நின்ற கண்ணாடிக்கார நடுவரைப் பிடித்துக்கொண்டேன். இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிவதைச் சொன்னேன். "உங்க கண்ணை நீங்க எந்த ஆதாரத்துல நம்பறீங்க?" என்று கேட்டேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் அழுத்தித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் பந்தயம் முடிகிற வரைக்கும் என் மகள் காலைத் தவிர வேறு எவள் காலையும் அவர் பார்க்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் உன் அண்ணன்.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். அவள் அருமையாக நடந்தாள் தங்கச்சி. அநேகமாக எல்லாச் சுற்றிலும் நான் அவளுக்கு ஏதாவது ஒரு கருத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறாவது சுற்றில் என் பக்கம் வந்தபோது, மிச்சம் இருக்கிற தூரத்தில் முதலில் பாதியைக் கடக்கணும், அப்புறம் அதில் பாதி, அப்புறம் அதிலும் பாதி, இப்படியே போனால் ஒருத்தரும் எல்லையைத் தொடவே முடியாது என்ற பழைய வாதத்தைச் சொன்னேன். "அப்பா, தண்ணி!"ன்னா. வாதத்தில் பாட்டிலை மறந்துவிட்டேன், அவள் போய்விட்டாள். பன்னிரண்டாவது சுற்றில் கொடுத்தேன், மூடியைத் திறக்காமல் கொடுத்தேன். பதினைந்தாவதில் "ஜெயிக்கணும்னு ஆசைப்படாதே, நடக்கறது மட்டும்தான் உன் வேலை!"ன்னு கத்தினேன். முன்னாடி போய்க்கொண்டிருந்த பெண் அது தனக்குச் சொன்னதென்று நினைத்து வேகத்தைக் குறைத்தாள், நம்ம பெண் மூணாவது இடத்துக்கு வந்துவிட்டாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. தத்துவம் வேலை செய்யுது பார்னு பக்கத்தில் நின்ற முதலுதவிக்காரரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அப்போது அட்டைக் கணக்குக் காட்டும் பலகையில் அவள் எண்ணுக்கு நேரே இரண்டு சிவப்பு விழுந்திருந்தது. இன்னும் ஒன்று விழுந்தால் போச்சு. பத்தொன்பதாவது சுற்று. முகமெல்லாம் சிவந்து, உதடு வறண்டு வருகிறாள். நான் பாட்டிலை நீட்டினேன், சத்தியமாக நீட்டினேன். நீட்டும்போதே, ஒரே ஆற்றில் இரண்டு தடவை இறங்க முடியாது, அதேபோல ஒரே மைதானத்தை இரண்டு தடவை சுற்ற முடியாது, இது பத்தொன்பதாவது சுற்று இல்லேம்மா, முதல் சுற்றுதான்னு சொல்ல வந்தேன். அவள் கை பாட்டிலுக்கு வந்தபோது வாக்கியம் முடியவில்லை. வாக்கியம் முடியட்டும்னு கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன். பாட்டிலைப் பிடிக்க அவள் மூணே மூணு எட்டு ஓடினாள். கண்ணாடிக்காரர் அட்டையை எழுதிவிட்டார்.

அவள் புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். வீட்டுக்கு வந்ததும் பையை எடுத்தாள். "இனிமே நான் நடக்கப் போறதில்லப்பா"ன்னு மட்டும் சொல்லிவிட்டு உன் ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். அவள் அம்மா இறந்து ஆறு வருஷமாக இந்த வீட்டில் பேசுகிறவன் நான், கேட்கிறவள் அவள். இப்போது நான் பேசினால் பிரிட்ஜ்தான் 'உம்' கொட்டுகிறது. நேற்று அதனோடு ஒரு வாதத்தில் ஜெயித்தேன், சந்தோஷமே இல்லை. என் பெண்ணுடைய ஒரு வருஷ உழைப்பை ஒரு வாக்கியத்துக்காகக் கெடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி கடைசித் தேர்வுப் போட்டி. அதிலே முதல் மூன்று பேருக்குள் வந்தால் அணியில் இடம். அவள் கட்டாயம் போக வேண்டும், நீதான் சொல்ல வேண்டும். நான் மைதானத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். நடுவர் எவரிடமும் பேச மாட்டேன். பாட்டிலைத் தொட மாட்டேன். அவள் காதுபட இனி ஒரு ஞானியின் கருத்தையும் சொல்ல மாட்டேன். உன் அண்ணன் வாக்குத் தவறினதில்லை என்று உனக்குத் தெரியும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உன் கை பட்ட பற்களெல்லாம் நூறு வருஷம் உறுதியாக நிற்கட்டும். என் மகள் தலையில் எனக்குப் பதிலாக நீ ஒருமுறை கை வை.

இப்படிக்கு,
வாயடங்கிப்போன உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் போனிலிருந்து அவளே கூப்பிட்டாள். நீ குளித்துக்கொண்டிருந்தாயாம். கோச்சம்மா நேரக் குறிப்புத் தாளை அவளுக்கு அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் நான் நின்ற வளைவைத் தாண்டினதும் அவள் வேகம் கூடியிருக்கிறதாம். ஒன்பதாவதில் மட்டும் கூடவில்லை. அந்தச் சுற்றில் எனக்குத் தொண்டை கட்டி, அவள் தண்ணீரை நான் குடித்துக்கொண்டு சும்மா நின்றேன். "உங்க பேச்சுலேருந்து தப்பிக்கத்தான்பா அவ்வளவு வேகம்" என்றாள். இருபதாம் தேதி நான் அதே வளைவில் நிற்க வேண்டுமாம், தண்ணீரை வேறு ஆள் கொடுப்பாராம். ஆகவே மேலே கொடுத்த வாக்குகளில் பாட்டிலைத் தவிர மற்றதெல்லாம் ரத்து. (நடுவர் விஷயத்தை மட்டும் அவள் ரத்து செய்யவில்லை, நான் இன்னும் யோசிக்கிறேன்.) கடிதம் நன்றாக வந்திருப்பதால் கிழிக்க மனமில்லை, அனுப்புகிறேன். என்ன பேசட்டும் என்று அவளிடம் கேட்டேன். "எதை வேணா பேசுங்கப்பா. ஆனா அந்த ஆத்து விஷயத்தை முதல்ல முடிங்க, நாலு நாளா பாதியில நிக்குது" என்றாள்.