உருளை நின்றால் விழிக்கும் பாப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வருகிறது, மனசு வரவில்லை. பாப்பா தூங்க மாட்டேன் என்கிறாள்.

குறட்டை விடுகிற மனுஷன் பக்கத்தில் பச்சைக் குழந்தை ஆகாது என்றாய். பாப்பா வீட்டுக்கு வந்த அன்றே என் வீட்டுக்காரரை வெளி அறைச் சோபாவுக்குத் துரத்தினேன். அப்படியும் கொட்டக் கொட்ட விழிக்கிறாளே என்று யோசித்ததில்தான் புரிந்தது: வயிற்றிலிருந்தபோது அவள் கேட்டதெல்லாம் எங்கள் ஆய்வுக்கூடத்து அரவை உருளையைத்தானே! எஃகுக் குண்டுகளோடு நிக்கல் தூளையும் அலுமினியத் தூளையும் போட்டு, காற்றுப் புகாமல் ஆர்கான் வாயு அடைத்துச் சுழலவிடுவோம். நன்றாக அரைந்ததும் அச்சில் அழுத்தி உலையில் வைத்தால், இரண்டும் கூடி மூன்றாவதாக ஒன்றாகும். அது எரிகிற சூட்டில் கல்லாக நிற்கும். ஆறினால் பட்டென்று உடையும். என் மாமனாருக்கு நேர் எதிர்.

அந்தச் சத்தத்தைப் போனில் பிடித்துப் போட்டேன். போனை வாயில் வைத்துக்கொண்டாள். அதிர்வும் வேண்டுமாம் மகாராணிக்கு. இவர் எவர்சில்வர் தூக்கில் கோலிக்குண்டு போட்டு ஆட்டினார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "வீட்டுக்குள்ள பட்டறை ஏதும் வெச்சிருக்கீங்களா?" என்றார்.

வேறு வழியில்லாமல் பாப்பாவை வேலைக்கே தூக்கிப்போனேன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் தொட்டில், அந்தப் பக்கம் உருளை. ஓடவிட்டதும் தூங்கினாள் பார், அப்படியொரு தூக்கம்! மெஷின் பார்க்கும் அண்ணன் வந்து, "அரைஞ்சது போதும்மா, நிறுத்தட்டுமா?" என்றார். "இப்பத்தாண்ணே கண்ணசந்தா, இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே" என்றேன். அவரும் மூணு பிள்ளை பெத்தவர், தலையாட்டிட்டுப் போயிட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஓடுது. அளவுக்கு மீறி அரைச்சா அந்தத் தூளுக்கு உலையே வேண்டாம், குண்டு இடிக்கிற ஒரு இடி போதும், தானா பத்திக்கும்னு படிச்சவ நான், மறந்தே போயிட்டேன். உள்ளே 'டம்'முனு ஒரு சத்தம். உருளை நின்னுது. பாப்பா முழிச்சா. அவ அழுகைக்கு அந்த 'டம்' எவ்வளவோ தேவலை.

ஆறவைத்துத் திறந்தால், தூளும் குண்டும் சேர்ந்து ஒரே கட்டி. ஆய்வுக்கூடத் தலைவர் எட்டிப் பார்த்து, "உலையில வேக வேண்டியது இதுலயே வெந்துடுச்சா? நல்லா தாலாட்டினீங்கம்மா" என்றார். உலை வாயை நாங்கள் தினமும்தான் மூடுகிறோம். ஊர் வாயை யார் மூடுவது? "திங்கட்கிழமை புதுத் தூள். நீங்க மட்டும் வாங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

படித்த படிப்பும் பார்க்கிற வேலையும் உன் கையில்தான் அக்கா. கிடைத்த வண்டியில் ஏறி வந்து ஒரு மாதமாவது இரு. அத்தான் சமைத்துக்கொள்வார், கற்றுக்கொள்ளட்டும். பெரியவள் நீ, எங்களை வாழ்த்து.

கண் சிவந்த உன் தங்கை

பி.கு.: கடிதம் எழுதி முடிக்கும்வரை பாப்பாவை இவரிடம் கொடுத்திருந்தேன். கையெழுத்துப் போடும்போது வெளி அறையில் உருளை ஓடுகிற சத்தம். பதறிப் போய்ப் பார்த்தால், சோபாவில் மல்லாந்து இவர், நெஞ்சின்மேல் கவிழ்ந்து பாப்பா. கூரை அதிர்கிற குறட்டை. அவள் இமைகூட அசையவில்லை. பக்கத்திலேயே காவல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வயிற்றுக்குள்ளிருந்து அவள் எந்த உருளையைக் கேட்டாள் என்று இப்போதுதான் விளங்குகிறது. நீ வர வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து இவர்தான் லீவு. லீவு லெட்டரில் காரணம் என்று என்ன எழுதுவது, அதை மட்டும் யோசித்துச் சொல்.